அந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் வேலை கிடைத்திருக்குமா?

2009 அக்டோபரில் பிரிட்டன் அரசு ‘ஃபியூச்சர் ஜாப்ஸ் ஃபண்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாதக்கணக்கில் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்த 18 முதல் 24 வயது இளைஞர்களுக்கு ஆறு மாத வேலை. வாரத்துக்கு 25 மணி நேரமாவது வேலை இருக்க வேண்டும், குறைந்தபட்சக் கூலி தர வேண்டும். வேலை கொடுத்த உள்ளாட்சிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் தலைக்கு 6,500 பவுண்ட் வரை அரசு கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2010 மே மாதம் ஆட்சி மாறியது. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று சொல்லி, புதிய அரசு அதை முடித்துக்கொள்ள முடிவெடுத்தது. 2012 இறுதியில் அதே அரசின் துறை முறையான மதிப்பீட்டை வெளியிட்டது. திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொருவராலும் சமூகத்துக்குச் சராசரியாக 7,750 பவுண்ட் அளவுக்கு நிகர நன்மை கிடைத்தது என்றது அந்த அறிக்கை. அதற்குள் திட்டமே இல்லை.

இதை வெறும் அரசியல் காழ்ப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆறு மாத வேலை முடிந்த கையோடு எடுத்த முதல் கணக்கில், சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மறுபடி உதவித்தொகை வாங்க வந்திருந்தார்கள். அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்த யாருக்கும் திட்டம் தோற்றுவிட்டதாகத்தான் தெரிந்திருக்கும். இரண்டு ஆண்டுகள் பொறுத்து, திட்டத்தில் சேராத அதே மாதிரியான இளைஞர்களோடு ஒப்பிட்டபோதுதான் வேறு படம் தெரிந்தது.

வேலையின்மையைக் குறைக்கும் அரசுத் திட்டங்கள் பலன் தருகின்றனவா என்ற கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பக்கமும் சத்தமாகப் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கையில் வைத்திருக்கும் எண் பெரும்பாலும் தவறான எண். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எண்ணுவது சுலபம். திட்டம் இல்லாமல் போயிருந்தால் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும் என்பதுதான் கேள்வி. அதை யாரும் நேரில் பார்க்க முடியாது.

நூறில் அறுபது

ஒரு பயிற்சித் திட்டத்தில் 100 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து 60 பேர் வேலையில் இருக்கிறார்கள். அமைச்சர் அறுபது என்பார். எதிர்க்கட்சி மீதி நாற்பதைக் காட்டும். ஆனால் அதே வயது, அதே படிப்பு, அதே முனைப்பு உள்ள இன்னொரு 100 பேரில், எந்தப் பயிற்சியும் இல்லாமலே 56 பேருக்கு வேலை கிடைத்திருந்தால்? திட்டம் உண்டாக்கிய வித்தியாசம் நான்கு பேர். அந்த நான்கு பேருக்காக நூறு பேருக்கான செலவு ஆகியிருக்கிறது. சரி, அப்படியும் அது லாபமாக இருக்கலாம். அந்த நால்வர் வாழ்நாள் முழுக்கச் சம்பாதிப்பார்கள், வரி கட்டுவார்கள். எப்படியானாலும் கணக்கை நான்கில் இருந்து தொடங்க வேண்டும், அறுபதில் இருந்து அல்ல.

அந்த ‘இன்னொரு நூறு பேரை’ எங்கே தேடுவது என்பதில்தான் பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் தடுமாறினார்கள். சேர்வதற்கு முன், சேர்ந்த பின் என்று ஒரே ஆளின் வருமானத்தை ஒப்பிட்டால் போதாதா? போதாது என்று 1978இல் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் காட்டினார். அமெரிக்காவில் அரசுப் பயிற்சிக்கு வந்தவர்களின் பழைய வருமானப் பதிவுகளை அவர் புரட்டினார். பயிற்சியில் சேர்வதற்குச் சற்று முன்பு அவர்களின் வருமானம் திடீரென்று சரிந்திருந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. வேலை போன பிறகுதானே ஒருவர் பயிற்சி மையத்தைத் தேடி வருவார். அப்படிச் சரிந்தவர்களில் பலர் கொஞ்ச காலத்தில் தாமாகவே எழுந்துவிடுவார்கள். முன், பின் ஒப்பீடு அந்த இயல்பான எழுச்சியையும் திட்டத்தின் சாதனையாக எழுதிக்கொள்ளும்.

அப்படியானால் சேராதவர்களோடு ஒப்பிடலாமே என்றால், அதிலும் ஒரு வில்லங்கம். தானாக முன்வந்து சேர்பவரும் சேராதவரும் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல. 1986இல் ராபர்ட் லலோண்ட் இதை நேரடியாகவே சோதித்தார். 1970களில் அமெரிக்காவில் நடந்த ஒரு வேலை அனுபவத் திட்டத்தில், விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் சேர்த்திருந்தார்கள். ஆகவே அதன் உண்மையான பலன் தெரிந்திருந்தது. லலோண்ட், குலுக்கலில் விடுபட்டவர்களை ஒதுக்கிவிட்டு, தேசிய அளவிலான கணக்கெடுப்புகளில் இருந்து ஒப்பீட்டுக் குழுக்களை எடுத்து, அன்றைக்கு வழக்கில் இருந்த புள்ளியியல் முறைகளையெல்லாம் போட்டுப் பார்த்தார். விடைகள் உண்மைக்கு மேலும் கீழுமாகச் சிதறின. அதன் பிறகு, குலுக்கலோ அதற்கு இணையான ஏற்பாடோ இல்லாத மதிப்பீட்டைத் துறைக்காரர்கள் சந்தேகத்தோடுதான் படிக்கிறார்கள்.

குலுக்கல் என்றதும், ‘உதவி தேவைப்படுகிறவரை எப்படித் திருப்பி அனுப்பலாம்’ என்று கேட்பவர்கள் உண்டு. இடங்கள் ஆயிரம், விண்ணப்பங்கள் மூவாயிரம் என்றால் இரண்டாயிரம் பேர் எப்படியும் திரும்பத்தான் போகிறார்கள். சிபாரிசில் இடம் கொடுப்பதைவிடச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மோசமில்லை.

இப்படி ஒழுங்காக அளந்தபோது பயிற்சித் திட்டங்களின் பெருமை நிறையவே குறைந்தது. வளரும் நாடுகளில் நடந்த ஆய்வுகளை உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி 2017இல் தொகுத்துப் பார்த்தார். தொழிற்பயிற்சி பெற்ற 100 பேரில், பயிற்சி இல்லாவிட்டால் வேலை கிடைத்திருக்காது என்று சொல்லத்தக்கவர்கள் சுமார் இரண்டு பேர். துருக்கியில் அரசு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்திய பெரிய பயிற்சித் திட்டத்திலும் இதே அளவு சிறிய பலன்தான் தெரிந்தது. அங்கே தனியார் நடத்திய வகுப்புகள் முதல் ஆண்டில் கொஞ்சம் மேலாக இருந்தன. மூன்று ஆண்டுகளில் அந்த மேன்மையும் கரைந்துவிட்டது.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. கொலம்பியாவில் 2000களின் தொடக்கத்தில் நடந்த இளைஞர் பயிற்சித் திட்டத்தில், வகுப்போடு நிறுவனங்களில் நேரடி வேலை அனுபவமும் சேர்ந்திருந்தது. அதில் பெண்களின் வருமானம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது. அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரில் 1992இல் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் குவெஸ்ட்’ போன்ற முயற்சிகளும் குலுக்கல் சோதனையில் நன்றாகத் தேறின. குறிப்பிட்ட ஒரு துறையை, உதாரணமாக மருத்துவமனைப் பணிகளையோ தகவல் தொழில்நுட்பத்தையோ எடுத்துக்கொள்வார்கள். அந்தத் துறை முதலாளிகளிடம் என்ன ஆள் வேண்டும் என்று முதலிலேயே கேட்பார்கள். தாக்குப்பிடிப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, அந்தத் துறை மதிக்கும் சான்றிதழ் வரை கொண்டுபோய், வேலையில் சேர்த்துவிட்டுத்தான் கையை விடுவார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஆகும் செலவு அதிகம், ஆட்களைச் சலித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடிப் பேருக்குப் பயிற்சி என்று அறிவிக்க நினைக்கும் எந்த அரசுக்கும் இந்த வடிவம் பொருந்தாது.

வரிசையில் முன்னே வந்தவர்

இதுவரை பேசியது சேர்ந்த ஆளுக்குப் பலன் உண்டா என்பது. நாட்டின் வேலையின்மை குறைந்ததா என்பது வேறு கேள்வி. பத்து வேலைகளுக்கு நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, பின்னால் நிற்கும் ஐந்து பேரைத் திட்டம் முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த ஐந்து பேருக்கு வேலை கிடைக்கும். வரிசையின் நீளம் ஓர் அங்குலமும் குறைந்திருக்காது.

இதை அளப்பது கடினம் என்று நீண்ட காலம் விட்டிருந்தார்கள். பிரான்சில் 2007 முதல் நடந்த ஒரு பெரிய சோதனை அதற்கு வழி கண்டது. படித்துவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் வேலை இல்லாமல் இருந்த இளைஞர்களுக்குத் தனியார் ஆலோசகர்கள் வேலை தேடித் தரும் திட்டம் அது. புரூனோ கிரேபோன், எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு, குலுக்கலை இரண்டு அடுக்காகச் செய்தது. முதலில் 235 வேலைவாய்ப்பு அலுவலக எல்லைகளைப் பிரித்து, சில இடங்களில் யாருக்கும் இல்லை, சில இடங்களில் கால்வாசிப் பேருக்கு, பாதிப் பேருக்கு, முக்கால்வாசிப் பேருக்கு, மற்ற இடங்களில் எல்லோருக்கும் என்று ஒதுக்கினார்கள். பிறகு ஒவ்வோர் இடத்திலும் யாருக்கு உதவி என்பதற்கு இன்னொரு குலுக்கல்.

2013இல் வெளியான முடிவு சங்கடமானது. உதவி பெற்றவர்களுக்கு நிலையான வேலை கிடைக்கும் வாய்ப்பு கூடியிருந்தது உண்மை. ஆனால் உதவி பெறாத இளைஞர்களில், திட்டம் நடந்த ஊர்க்காரர்கள் திட்டமே நடக்காத ஊர்க்காரர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஒருவரின் லாபத்தில் பெரும்பகுதி இன்னொருவரின் நஷ்டம். வேலைச் சந்தை மந்தமாக இருந்த பகுதிகளில் இது கூர்மையாகத் தெரிந்தது. வழக்கமான முறையில் அதே ஊரின் உதவி பெறாதவர்களோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், பக்கத்து ஆளைக் கீழே தள்ளியதையும் சேர்த்து இரட்டை வெற்றியாக எழுதியிருப்பார்கள்.

அதற்காக இத்தகைய உதவி வீண் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று ஆண்டுகள் வேலை இல்லாமல் வரிசையின் கடைசியில் இருப்பவரை முன்னுக்குக் கொண்டுவருவது நியாயமான நோக்கம்தான். மூன்று வாரமாக வேலை தேடும் ஒருவர் இன்னும் மூன்று வாரம் காத்திருப்பதில் பெரிய சேதம் இல்லை. அப்படியானால் அதைப் பங்கீட்டுத் திட்டம் என்று சொல்லிச் செய்ய வேண்டும். வேலை உருவாக்கும் திட்டம் என்ற பலகையை மாட்டக் கூடாது.

எப்போது அளந்தார்கள்?

டேவிட் கார்ட், யோகன் க்ளூவே, ஆண்ட்ரியா வெபர் மூவரும் உலகெங்கும் நடந்த 200க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்ட தொகுப்பு, இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. திட்டம் முடிந்த ஓராண்டுக்குள் பார்த்தால் சராசரி பலன் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் தெளிவாக மேலேறுகிறது. பயிற்சித் திட்டங்களில் இந்த ஏற்றம் நன்றாகத் தெரிகிறது. பெண்களுக்கும் நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்தவர்களுக்கும் பலன் அதிகம். பொருளாதார மந்தத்தில் தொடங்கிய திட்டங்கள் நல்ல காலத்தில் தொடங்கியவற்றைவிட மேலாகச் செய்திருக்கின்றன. அரசே நேரடியாகத் தற்காலிக வேலை கொடுக்கும் வகைதான், பிற்கால வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, எல்லாவற்றிலும் பின்தங்கியிருக்கிறது.

முதல் ஆண்டில் பலன் தெரியாததற்குக் காரணம் சாதாரணமானது. பயிற்சியில் உட்கார்ந்திருப்பவர் அந்த நேரத்தில் வேலை தேடமாட்டார். வெளியே இருந்தவர் தேடி, ஏதோ ஒன்றில் சேர்ந்திருப்பார். ஆகவே நல்ல பயிற்சியும் ஆரம்பத்தில் நஷ்டம் மாதிரிதான் தெரியும். 1990களில், ஒன்றுபட்ட ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் தொழிற்சாலைகள் வரிசையாக மூடியபோது, அரசு ஏராளமானோரைத் தற்காலிக வேலைகளிலும் பயிற்சியிலும் வைத்திருந்தது. அந்த வேலைகளில் இருந்தவர்கள் வழக்கமான வேலைக்குப் போவது தள்ளிப்போனதையே பின்னர் வந்த மதிப்பீடுகள் காட்டின. ஸ்வீடனில் இதற்கு இன்னொரு விசித்திர வடிவம். பயிற்சியில் சேர்ந்தால் காலாவதியாகும் உதவித்தொகைக்கு மீண்டும் தகுதி வந்துவிடும் என்ற விதி 2000 வரை இருந்தது. உதவித்தொகை தீரும்போது ஒரு பயிற்சி, அது முடிந்ததும் மறுபடி உதவித்தொகை என்று சிலர் ஆண்டுக்கணக்கில் சுற்றி வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதி அப்படி இருந்தது.

காலம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஜோர்டானில் சமுதாயக் கல்லூரி முடித்த பெண்களுக்குச் சம்பள மானியச் சீட்டு கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்கு ஆறு மாதம் அரசு பணம் தரும். சீட்டு செல்லுபடியாகும் காலத்தில், வேலையில் இருப்போர் விகிதம் சுமார் 40 சதவீதப் புள்ளிகள் எகிறியது. அந்த மாதம் பார்த்திருந்தால் உலகிலேயே சிறந்த வேலைவாய்ப்புத் திட்டம் இதுதான். மானியம் நின்றதும் ஏறக்குறைய அத்தனையும் காணாமல் போனது. உகாண்டாவின் வடக்கில் 2008இல் இளைஞர் குழுக்களுக்குத் தொழில் தொடங்க நிபந்தனை அதிகம் இல்லாத மானியம் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகளில் அவர்களின் வருமானம் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது. ஒன்பது ஆண்டுகளில் மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்து வருமானம் வருமானம்தான், அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வாழ்க்கையையே மாற்றிய திட்டம் என்று நான்காம் ஆண்டில் எழுதியதைத் திருத்த வேண்டியதாயிற்று. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் நேர்மாறாக நடந்தது. விண்ணப்பம் எழுதவும் தன் திறமைக்குச் சான்று காட்டவும் கற்றுக்கொடுத்த சில நாள் பயிற்சி, முதலில் சுமாராகத் தெரிந்து, நான்கு ஆண்டுகள் கழித்து வருமானத்தில் நல்ல வித்தியாசத்தைக் காட்டியது.

தேர்தல் நான்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, வரவுசெலவுத் திட்டம் ஆண்டுக்கு ஒருமுறை, வேலையின்மைப் புள்ளிவிவரமோ பல நாடுகளில் மாதம் ஒருமுறை வருகிறது. ஜோர்டான் மாதிரித் திட்டங்கள் இந்தக் கெடுவுக்குள் ஜொலிக்கும், அடிஸ் அபாபா மாதிரித் திட்டங்கள் ஜொலிக்காது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வேடிக்கைகள் இரண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், உதவித்தொகை வாங்குவோரில் நீண்ட காலம் வேலையில்லாமல் இருக்க வாய்ப்புள்ளவர்களைக் கணித்து, ‘கட்டாயம் ஆலோசனைக்கு வர வேண்டும்’ என்று கடிதம் அனுப்பினார்கள். உதவித்தொகை வாங்கும் காலம் சராசரியாக இரண்டு வாரம் குறைந்தது. பலர் ஆலோசனைக்கு வந்து பயனடைந்ததால் அல்ல. கடிதத்தைப் பார்த்ததுமே பலர் உதவித்தொகையை விட்டு வேலைக்குப் போனதால். மற்றொன்று ஓஹையோ மாநிலம் டேட்டன் நகரில் 1980களின் தொடக்கத்தில் நடந்தது. ‘இவரை எடுத்தால் அரசு பணம் தரும்’ என்ற சீட்டைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு, சீட்டு இல்லாதவர்களைவிடக் குறைவாகவே வேலை கிடைத்தது. அரசே பணம் கொடுத்துத் தள்ளிவிடும் ஆள் என்றால் ஏதோ குறை இருக்கும் என்று முதலாளிகள் நினைத்திருக்க வேண்டும்.

எந்த வியாதிக்கு எந்த மருந்து

வேலையின்மை என்ற ஒரே சொல்லுக்குள் பல சங்கதிகள் அடைபட்டிருக்கின்றன. மக்கள் கையில் காசில்லை, பொருள் விற்கவில்லை, அதனால் நிறுவனங்கள் ஆள் எடுக்கவில்லை என்பது ஒன்று. வேலை இருக்கிறது, அதைச் செய்யத் தெரிந்த ஆள் இல்லை என்பது இன்னொன்று. வேலையும் ஆளும் இருந்தும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கத் தாமதமாவது மூன்றாவது. முதல் வகைக்கு இரண்டாவதன் மருந்தைக் கொடுப்பதுதான் அரசுகளின் நிரந்தரப் பழக்கம். காரணம் புரியாததல்ல. பயிற்சி மையம் திறந்தால் குறை வேலை இல்லாதவரிடம் இருப்பதாக ஆகிறது. தேவை போதவில்லை என்று ஒத்துக்கொண்டால் குறை பொருளாதாரத்தை நடத்துபவரிடம் வந்துவிடும்.

தேவை சரிந்த காலத்தில் உருப்படியாக வேலை செய்த திட்டம் என்றால் ஜெர்மனியின் குறுகிய நேர வேலை ஏற்பாட்டைச் சொல்லலாம். நிறுவனம் ஆட்களை வெளியே அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைக்கும். குறைந்த நேரத்துக்கான சம்பளத்தில் பெரும்பகுதியை வேலையின்மைக் காப்பீட்டு நிதி ஈடுகட்டும். 2009இல் ஜெர்மனியின் உற்பத்தி 5 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. வேலையின்மை கிட்டத்தட்ட அசையவில்லை. அந்த ஆண்டின் உச்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் இந்த ஏற்பாட்டில் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றின்போது 60 லட்சத்தை நெருங்கியது. வேலை போன பிறகு ஓர் ஆளுக்கு வேறு வேலை தேடித் தருவதைவிட, போகாமல் பார்த்துக்கொள்வது மலிவு என்பது இதன் அடிப்படை. தேவை திரும்பி வரும் என்று தெரிந்தால்தான் இது சரிப்படும். திரும்பியே வராத தொழிலில் ஆட்களை இப்படிப் பிடித்து வைத்திருந்தால் அவர்கள் இன்னொரு தொழிலுக்கு மாறும் நாள்தான் தள்ளிப்போகும்.

அதே ஜெர்மனியின் ஹார்ட்ஸ் சீர்திருத்தங்கள் நேர் எதிரான வழி. 2003 முதல் 2005க்குள் கட்டம் கட்டமாக வந்தவை. வேலைவாய்ப்பு அலுவலகங்களைத் திருத்தியமைத்தார்கள், நீண்ட கால உதவித்தொகையைச் சமூக உதவியோடு இணைத்துக் குறைத்தார்கள், கிடைக்கும் வேலையை மறுத்தால் வெட்டு என்றார்கள். 2005 தொடக்கத்தில் 50 லட்சத்தைத் தாண்டியிருந்த வேலையில்லாதோர் எண்ணிக்கை, 2008 இலையுதிர் காலத்தில் 30 லட்சத்துக்கும் கீழே வந்தது. பார்க்க அற்புதமாக இருக்கிறது. ஆனால் அதில் எவ்வளவு சீர்திருத்தத்தால் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. 1990களின் நடுப்பகுதியிலேயே அங்கே தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் நிறுவன அளவில் கூலியை இறுக்கிப் பேசி முடிக்கத் தொடங்கிவிட்டார்கள், அதுதான் முக்கியக் காரணம் என்று கிறிஸ்டியான் டுஸ்ட்மான் முதலானோர் வாதிட்டார்கள். ஏற்றுமதிச் சந்தையும் அப்போது கைகொடுத்தது. நாடு முழுவதற்கும் ஒரே நாளில் அமலாகும் சீர்திருத்தத்துக்கு ஒப்பீட்டுக் குழு கிடையாது. எனவே அதைக் கொண்டாடுபவர்களும் தூற்றுபவர்களும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டே ஆயுளுக்கும் வாதாடலாம்.

அரசே வேலை கொடுத்தால்

வேலை இல்லையென்றால் அரசே கொடுத்துவிடலாமே என்ற யோசனை பழையது. 1848 பிப்ரவரிப் புரட்சிக்குப் பின் பாரிஸில் தொடங்கிய தேசியத் தொழிற்கூடங்களில் சில மாதங்களிலேயே ஒரு லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். கொடுக்க வேலை இல்லாமல் திணறிய அரசு ஜூனில் அவற்றை மூட முனைந்தபோது நகரமே கலவரக்காடானது.

அமெரிக்காவில் 1935 முதல் 1943 வரை நடந்த டபிள்யூ.பி.ஏ. என்ற பொதுப்பணித் திட்டம் மொத்தம் சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. சாலைகள், பள்ளிகள், பாலங்கள் பல இன்றும் நிற்கின்றன. ஆனால் பின்னாளில் தொகுக்கப்பட்ட அரசுப் புள்ளிவிவரங்களில் இந்த வேலைகளில் இருந்தவர்கள் ‘வேலையில்லாதவர்கள்’ என்றே எண்ணப்பட்டார்கள். 1976இல் மைக்கேல் டார்பி இதைச் சுட்டிக்காட்டி, இப்படிக் காணாமல் போனவர்கள் 35 லட்சம் பேர் என்று எழுதினார். நிவாரண வேலையை வேலையாகக் கருதுவதா என்ற ஒரு முடிவை மாற்றினால், அந்தப் பத்தாண்டின் வேலையின்மை விகிதமே பல புள்ளிகள் மாறிவிடுகிறது. அந்தக் கொள்கை வென்றதா தோற்றதா என்பதும் கூடவே மாறுகிறது.

1970களில் அமெரிக்கா மறுபடி முயன்றது. 1978 வாக்கில் சீட்டா என்ற சட்டத்தின் கீழ் சுமார் 7.5 லட்சம் பொதுப்பணி வேலைகளுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. நகராட்சிகள் புத்திசாலிகள். ஏற்கெனவே தங்கள் காசில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஊழியர்களில் ஒரு பகுதியை அந்தக் கணக்குக்கு மாற்றிக்கொண்டன. தாளில் புது வேலைகள், தெருவில் பழைய ஆட்கள். 1980களின் தொடக்கத்தில் திட்டம் கெட்ட பெயரோடு முடிந்தது.

2001இல் நிதி நெருக்கடியில் நொறுங்கிய அர்ஜென்டினா, 2002இல் குடும்பத் தலைவர்களுக்கான திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வாரத்துக்கு 20 மணி நேரம் உழைப்பு, மாதம் 150 பெசோ. சுமார் 20 லட்சம் பேர் சேர்ந்தார்கள். எமனுவேலா கலாஸோவும் மார்ட்டின் ரவாலியனும் ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது: வேலையில்லாமல் இருந்திருக்கக்கூடியவர்கள் எவ்வளவு பேர் சேர்ந்தார்களோ, கிட்டத்தட்ட அவ்வளவு பேர் அதுவரை வேலை தேடாமல் வீட்டில் இருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள். புள்ளிவிவர வரையறைப்படி வேலை தேடினால்தான் ஒருவர் ‘வேலையில்லாதவர்’. வீட்டிலிருந்த பெண் திட்டத்தில் சேர்ந்தபோது வறுமை குறைந்தது, வேலையின்மை விகிதம் அந்த அளவுக்குக் குறையவில்லை. பலன் போக வேண்டியவரை விட்டு வேறு ஆட்களுக்குப் போன ஒழுகல் இது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது திட்டத்தின் குறையாகத் தெரியவில்லை, அளவுகோலின் குறையாகத்தான் தெரிகிறது.

இந்தியாவின் ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் வந்தது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி 2008க்குள் ஊரக மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள், கேட்டு 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி என்றது அந்தச் சட்டம். நடைமுறையில் சராசரி 50 நாளைத் தொட்டாலே பெரிதாக இருந்தது, கூலி வாரக்கணக்கில் தாமதம், இடையில் கை மாறியதும் நிறைய. இதையெல்லாம் வைத்து ‘குழி வெட்டி மூடும் திட்டம்’ என்ற கேலி நிலைத்துவிட்டது. கட்டம் கட்டமாக விரிந்ததைப் பயன்படுத்திக்கொண்ட ஆய்வாளர்கள், திட்டம் முதலில் வந்த மாவட்டங்களையும் பின்னால் வந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். முதலில் வந்த மாவட்டங்களில், திட்டத்துக்கு வெளியே தனியாரிடம் கிடைத்த கூலியும் சுமார் 5 சதவீதம் உயர்ந்திருந்தது.

இதைவிடத் துல்லியமான சோதனை ஒன்று பிரிக்கப்படாத ஆந்திரத்தில் நடந்தது. மாவட்டத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவுகளான மண்டலங்களில் 157இல், கைரேகை அட்டை மூலம் கூலி கொடுக்கும் முறையை எங்கே முதலில், எங்கே பிறகு என்று குலுக்கலில் தீர்மானித்தார்கள். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் மூவரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். முதலில் அட்டை வந்த இடங்களில் கூலி சீக்கிரமாக, கசிவு குறைந்து கைக்கு வந்தது. அதனால் ஏழைக் குடும்பங்களின் வருமானம் பத்து சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. அந்த உயர்வில் மிகப் பெரும்பகுதி திட்டத்தின் கூலியாக வந்ததல்ல. வெளியே தனியாரிடம் செய்த வேலையில் வந்தது. வேண்டாம் என்றால் போய்ச் சேர வேறொரு வேலை நிஜமாகவே இருக்கிறது என்ற நிலை வந்ததும், நில உடைமையாளர்கள் கூலியை உயர்த்த வேண்டியிருந்தது. கூலி உயர்ந்தும் தனியார் வேலை குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. நிலம் சிலர் கையில் குவிந்திருந்த இடங்களில் இந்த விளைவு பலமாக இருந்தது. திட்டத்தின் இணையதளத்திலும் ஆண்டறிக்கைகளிலும் மனித நாட்கள் எத்தனை, வெட்டிய குளங்கள் எத்தனை, செலவு எத்தனை கோடி என்று தனித்தனிப் பத்திகள் இருந்தன. வயல்காரர் ஏற்றிக் கொடுத்த கூலிக்குப் பத்தி இல்லை.